நாரும் பிசினும் சேர்ந்தால்: பாரங்குறைந்த புகையிரதப் பெட்டிகள்



சென்ற தவணையில் எமது வகுப்பு மாணவன் ஒருவன், "துணியாலும் பசையாலும் புகையிரதம் செய்ய முடியுமா?" என்று வினவினான். வகுப்பே சிரித்தது. ஆயினும் அவன் கேட்டது நல்ல கேள்வி. மணி அடித்துவிட்டமையால் அன்று கூறாது விட்ட விடையை இம்மலரில் தருகின்றோம்.

கூட்டுப்பொருள் என்றால் என்ன?

ஊரிலே மண்வீடு கட்டியோர் களிமண்ணை வைக்கோலுடன் சேர்த்துக் குழைத்தனர். களிமண் தனியே காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் தனியே நில்லாது. இரண்டும் சேர்ந்தபோது சுவர் நின்றது. இவ்வாறு, தத்தம் இயல்பை இழக்காது இணைந்து, தனித்தனியே இல்லாத வலிமையைத் தருவதே கூட்டுப்பொருள். இன்றைய தொழிற்சாலையில் வைக்கோலின் இடத்தைக் கண்ணாடி இழையும் காபன் இழையும், களிமண்ணின் இடத்தைப் பிசினும் பெற்றுள்ளன. இழை இழுவையைத் தாங்கும். பிசின் இழைகளைப் பிணைத்து, சுமையை அவற்றிடையே பகிர்ந்தளிக்கும்.

பாரத்தை ஏன் குறைக்க வேண்டும்?

ஒரு கனமீற்றர் உருக்கின் நிறை ஏறத்தாழ 7.8 தொன், அலுமினியம் 2.7 தொன், காபன் இழைக் கூட்டுப்பொருளோ 1.6 தொன் அளவே.

40 தொன் பெட்டி ஒன்று செக்கனுக்கு 20 மீற்றர் (மணிக்கு 72 கிலோமீற்றர்) வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அதன் இயக்கசக்தி, நிறையின் அரைவாசியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வருவது. அதாவது 80 இலட்சம் யூல். நிறை 36 தொன் ஆனால் 72 இலட்சம் யூல் போதும். நிலையத்துக்கு நிலையம் நின்று புறப்படும் நகரப் புகையிரதத்திற்கு, ஒவ்வொரு புறப்பாட்டிலும் இது மிச்சம். தண்டவாளத் தேய்வும் குறையும்.

நாம் கண்ட உதாரணங்கள்

1976 ஆம் ஆண்டு இலண்டன் பாடிங்டனிலிருந்து மணிக்கு 125 மைல் வேகத்தில் ஓடத் தொடங்கிய 'இன்ரர்சிற்றி 125' புகையிரதத்தில் பெற்றோர் பலர் பயணித்திருப்பர். அதன் கூரிய முகப்பு கண்ணாடி இழையாலும் பிசினாலும் ஆனது. இரு பாண் துண்டுகளுக்கிடையே சம்பல் வைப்பதுபோல, இரு தோல்களுக்கிடையே நுரைப்பொருள் வைக்கப்பட்டது. தோல்கள் விலகி நிற்க நிற்க, வளையாத உறுதி பெருகும். பாரமோ சிறிதே கூடும்.

யப்பானில் கவாசாக்கி நிறுவனம் ஒருபடி மேலே சென்றது. சில்லுகளைத் தாங்கும் அடிச்சட்டத்தில் வில்போல் வளைந்த காபன் இழைத் தகட்டைப் பொருத்தியது. அத்தகடே பக்கச்சட்டமாகவும் சுருள்வில்லாகவும் இருவேலை செய்தது. சட்டத்தின் நிறை சுமார் 40 சதவீதம் குறைந்தது. 2014 இல் இது குமமொத்தோ நகரில் பயணிகள் சேவைக்கு வந்தது. சீனாவின் சிங்டாவோ நகரில் 2024 இல் அறிமுகமான காபன் இழைப் புகையிரதம் 11 சதவீதம் நிறை குறைந்தது என்றும், சக்திச் செலவில் 7 சதவீதம் மிச்சமாகும் என்றும் அதனைச் செய்தோர் அறிவித்தனர்.

மறுபக்கம்

நன்மையை மட்டும் சொல்லி நிறுத்துதல் ஆசிரியருக்குத் தகாது. காபன் இழை விலை கூடியது. உலோகத்தில் அடிபட்டால் பள்ளம் தெரியும். கூட்டுப்பொருளிலோ வெளித்தோல் நன்றாயிருக்க உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஆகவே கழியொலி அலைகளைச் செலுத்திச் சோதிக்க வேண்டும். பிசின் எரியக்கூடியது, சுரங்கப்பாதையில் நச்சுப்புகை உயிர்களைக் குடிக்கும். ஆதலால் ஐரோப்பாவில் கடுமையான தீப்பாதுகாப்பு விதிகள் உள்ளன. இறுகிய பிசினை உருக்கி மீண்டும் வார்க்கவும் இயலாது. பாரம் குறையலாம், பாதுகாப்புக் குறையலாகாது.

பெற்றோருக்கு ஒரு சொல்

அக்கேள்வி கேட்ட மாணவனின் தாயார் ஒருநாள் வாசலில் எம்மிடம், "நானும் ஊரிலை பௌதிகம் படிச்சனான் மாஸ்ரர், ஆனால் இவன் படிக்கிறது எனக்கு விளங்குதில்லை" என்றார். அவர் அறிந்ததும் மகன் அறிந்ததும் ஒரே பௌதிகமே, மொழிதான் வேறு. தாயிடம் சொல்ல முடியாத அறிவு வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகின்றது. பிள்ளைகளே, கீழ்வரும் பயிற்சியைப் பெற்றோருடன் இருந்து, தமிழிலே பேசிச் செய்யுங்கள்.

பயிற்சி

1. 30 தொன் பெட்டியின் நிறையை 3 தொன் குறைத்தால், செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் மிச்சமாகும் இயக்கசக்தி எவ்வளவு?
2. மண்சுவரில் வைக்கோல் சேர்த்தது ஏன்? வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஐந்து வசனங்கள் எழுதுக.
3. உங்கள் வீட்டிலுள்ள கூட்டுப்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் இழை எது, பிணைக்கும் பொருள் எது எனக் கூறுக.