எடைகுறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: வைட்டமின் மாத்திரைகளை ஏன் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும்?

எடைகுறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு சில ஆண்டுகள் ஆகிவிட்டனவா? உங்கள் எடை குறைந்திருக்கும். நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் சாப்பிட்ட மருந்துகளும் குறைந்திருக்கலாம். படியேறும்போது முன்போல மூச்சு வாங்காது. இந்தக் கட்டத்தில்தான் பலருக்கு, "உடம்புதான் நன்றாக இருக்கிறதே, இந்த வைட்டமின் மாத்திரைகள் இன்னும் எதற்கு?" என்று தோன்றுகிறது.

அந்தக் கேள்விக்கான பதிலே இந்தக் கையேடு. நீங்கள் நன்றாக உணர்வதை மட்டும் வைத்து, உடலில் சத்து போதுமான அளவு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சத்துக் குறைபாடு வெளியே தெரியாமல் மெல்ல வளரும். அதனால் ஏற்படும் பாதிப்புகளில் சில, பிறகு மாத்திரை சாப்பிட்டாலும் முழுமையாகக் குணமாகாமல் போகலாம்.

அறுவை சிகிச்சை உங்கள் உடலில் எதை மாற்றியது?

பரவலாகச் செய்யப்படும் சிகிச்சைகள் இரண்டு. 'ஸ்லீவ்' சிகிச்சையில், இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காடு வரை அகற்றப்படுகிறது. 'பைபாஸ்' சிகிச்சையில், இரைப்பையின் மேற்பகுதி ஒரு சிறிய பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியுடன் இணைக்கப்படுகிறது. உணவு, இரைப்பையின் பெரும்பகுதிக்கும் சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கும் செல்லாமல் கடந்துவிடுகிறது.

இரும்புச்சத்தும் கால்சியமும் பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகின்றன. வைட்டமின் பி12 உடலில் சேர, இரைப்பையில் சுரக்கும் அமிலமும் ஒரு வகைப் புரதமும் தேவை. சிகிச்சைக்குப் பிறகு இவை குறைந்துவிடுகின்றன. நீங்கள் சாப்பிடும் உணவின் அளவும் குறைந்துவிடுகிறது.

எடை குறைந்த பிறகும் இந்த மாற்றம் அப்படியே இருக்கும். பார்வை மங்கியவருக்குக் கண்ணாடி அணிந்ததும் எல்லாம் தெளிவாகத் தெரியும். அதற்காக இனிக் கண்ணாடி வேண்டாம் என்று அவர் கழற்றி வைத்துவிடுவதில்லை. வைட்டமின் மாத்திரைகளும் அப்படித்தான்.

குறைபாடு ஏன் உடனே தெரிவதில்லை?

நம் கல்லீரல் வைட்டமின் பி12-ஐச் சேமித்து வைக்கிறது. வருமானம் நின்ற பிறகும் வங்கிச் சேமிப்பைக் கொண்டு சில காலம் குடும்பம் நடத்தலாம். அதுபோல, மாத்திரையை நிறுத்திய பிறகும் உடல் தன் சேமிப்பிலிருந்து சில ஆண்டுகள்கூடச் செலவழிக்கும். சேமிப்பு தீரும்போதுதான் தொல்லை தொடங்கும்.

இப்படி ஒருவரை நினைத்துப் பாருங்கள். 66 வயது மாது, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பைபாஸ் சிகிச்சை செய்துகொண்டார். எடை நன்றாகக் குறைந்ததால், இரண்டாம் ஆண்டில் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். இப்போது பாதங்களில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. நடக்கும்போது தடுமாறுகிறார். சொன்னதை மறந்துவிடுகிறார். "வயதாகிவிட்டது, அதனால்தான்" என்று அவரும் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். நீரிழிவால் இருக்குமோ என்றும் ஐயப்படுகிறார்கள். இரத்தப் பரிசோதனையில்தான் பி12 மிகவும் குறைந்திருப்பது தெரியவருகிறது. ஊசி போட்ட பிறகு தடுமாற்றம் குறைகிறது. ஆனால், கால்விரல்களின் மரத்துப்போன உணர்வு முழுமையாக நீங்கவில்லை.

நரம்பு பாதிப்பு நீண்ட நாள் கவனிக்கப்படாவிட்டால் இப்படி நேரலாம். அதனால், புதிதாக வரும் தடுமாற்றத்தையும் மறதியையும் முதுமையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

• நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள். இந்த மருந்து பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும்.
• நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோல் போன்ற மருந்துகளை நீண்டகாலமாகச் சாப்பிடுபவர்கள்.
• சைவ உணவு உண்பவர்கள். பி12 இயற்கையாக இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான் உள்ளது.
• வயதானவர்கள். வயது கூடும்போது பலருக்கு இரைப்பை அமிலம் குறைகிறது. எலும்பும் வலுவிழக்கிறது.

பொதுவாகத் தேவைப்படும் மாத்திரைகள்

உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவரோ உணவியல் நிபுணரோ முடிவு செய்வார். கீழே உள்ளவை பொதுவான அளவுகள்.

• மல்டிவைட்டமின்: தினமும். பல வகை வைட்டமின்களும் தாதுச்சத்துகளும் இதில் இருக்கும்.
• வைட்டமின் பி12: மாத்திரையாகத் தினமும் 350 முதல் 1,000 மைக்ரோகிராம் வரை. சிலருக்கு மருத்துவர் ஊசி பரிந்துரைப்பார்.
• கால்சியம்: உணவையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வரை. குறைந்தால், உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு, சிறிய விழுதலிலும் இடுப்பெலும்பு முறியக்கூடும்.
• வைட்டமின் டி: கால்சியத்தை உறிஞ்ச உதவுகிறது. பலருக்குத் தினமும் 3,000 யூனிட் வரை தேவைப்படலாம்.
• இரும்புச்சத்து: குறைந்தால் இரத்தச்சோகை ஏற்பட்டு, களைப்பும் மூச்சு வாங்குதலும் வரும்.

சரியான முறையில் சாப்பிடுங்கள்

1. கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் ஒன்றாகச் சாப்பிடாதீர்கள். இடையில் குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். இரும்புச்சத்து உள்ள மல்டிவைட்டமினுக்கும் இது பொருந்தும்.
2. கால்சியத்தை ஒரே வேளையில் மொத்தமாகச் சாப்பிட வேண்டாம். ஒரு வேளைக்கு 500 முதல் 600 மில்லிகிராம் வரை போதும். அதற்கு மேல் உடலால் நன்றாக உறிஞ்ச இயலாது.
3. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காப்பி, பால் ஆகியவற்றுடன் சாப்பிடாதீர்கள். தண்ணீருடன் சாப்பிடுங்கள். வைட்டமின் சி உள்ள பழம் சிறிது சேர்த்துக்கொண்டால் நல்லது.
4. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், அதற்கும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இடையே 4 மணி நேரம் விடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: காலை உணவுடன் மல்டிவைட்டமினும் பி12-உம், மதியம் கால்சியம், வைட்டமின் டி, மாலையில் மீண்டும் கால்சியம், படுக்கும்முன் இரும்புச்சத்து. வாரம் முழுவதற்குமான மாத்திரைகளைக் கட்டங்கள் உள்ள மருந்துப் பெட்டியில் பிரித்து வைத்தால் மறக்காது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சாப்பிட்டால் போதாதா?
இவை நல்ல உணவுகள், தொடர்ந்து சாப்பிடுங்கள். ஆனால், இப்போது உங்களால் கொஞ்சம்தான் சாப்பிட முடியும். அதிலுள்ள சத்தும் முழுமையாக உடலில் சேராது. உணவுடன் மாத்திரையும் தேவை.

மிட்டாய்போல் மென்று சாப்பிடும் வைட்டமின்களை வாங்கலாமா?
அவற்றில் பலவற்றில் இரும்புச்சத்து இருப்பதில்லை. மற்றச் சத்துகளும் குறைவாக இருக்கலாம். மாத்திரையை விழுங்கச் சிரமமாக இருந்தால் மருந்தாளரிடம் சொல்லுங்கள். மென்று சாப்பிடும் மாத்திரை, திரவ மருந்து போன்ற தகுந்த மாற்று வழிகள் உண்டு.

நான் சைவம். மாத்திரை உறையில் விலங்குப் பொருள் இருக்குமா?
சில உறைகள் விலங்கிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டினால் செய்யப்படுகின்றன. அதற்காக மாத்திரையையே விட்டுவிடாதீர்கள். சைவ உறை உள்ளதையோ, ஹலால் தேவைப்படுவோர் ஹலால் சான்றிதழ் உள்ளதையோ மருந்தாளரிடம் கேட்டுப் பெறலாம்.

இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கல் வருகிறதே?
நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவர் வேறு வகையையோ வேறு அளவையோ தரலாம். மலம் கருமையாவது இம்மாத்திரையின் வழக்கமான விளைவுதான். ஆனால், தார்போல் பிசுபிசுப்பாக இருந்தாலோ தலைச்சுற்றல் சேர்ந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

விரத நாள்களிலும் பயணத்தின்போதும் என்ன செய்வது?
விரதமோ நோன்போ தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி, மாத்திரை நேரங்களை மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குச் சென்று சில மாதங்கள் தங்குவதாக இருந்தால், அத்தனை நாள்களுக்கும் வேண்டிய மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இவற்றைக் கவனியுங்கள்

பின்வருவன இருந்தால் விரைவில் மருத்துவரைப் பாருங்கள்:
• கை, கால்களில் மரத்துப்போதல் அல்லது ஊசி குத்தும் உணர்வு
• நடையில் தடுமாற்றம், புதிதாக வரும் மறதி
• தீராத களைப்பு, முகம் வெளுத்தல்
• எலும்பு வலி, தசைப் பலவீனம்

பல நாள்களாக வாந்தி நிற்காமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். வைட்டமின் பி1 உடலில் சில வாரங்களுக்கு மட்டுமே சேமிப்பில் இருக்கும். வாந்தியுடன் குழப்பமான பேச்சு, பார்வை இரட்டையாகத் தெரிதல், நிற்க முடியாத தள்ளாட்டம் ஆகியவை சேர்ந்தால் 995 என்ற எண்ணை அழையுங்கள். எடைகுறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்

முதல் ஆண்டில் சில முறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறைபாட்டை அறிகுறி தோன்றும் முன்பே கண்டுபிடிக்க இதுவே வழி. மாத்திரைகளை ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா? தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் உங்களைப் பரிசோதித்து, எங்கிருந்து மீண்டும் தொடங்குவது என்று சொல்வார்.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்திற்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லும்போது, இந்தக் கையேட்டையும் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். "கடைசியாக எனக்கு எப்போது பி12 பரிசோதித்தீர்கள்?" என்று கேளுங்கள்.