வங்கி ஏன் காரணம் சொல்லாது?

இந்தக் கிழமை பொட்காஸ்டில் நேரம் போதாமல் விட்ட கேள்வி: பிரிட்டனில் ஒரு வங்கி உங்கட கணக்கைத் தானாக மூடலாமா? மூடலாம். கணக்கு என்பது ஒப்பந்தம்தான். நீங்கள் விலகலாம், அவையும் விலகலாம். வழமையாக இரண்டு மாத முன்னறிவித்தல் தர வேணும். 2026 ஏப்ரல் 28 முதல் திறக்கிற கணக்குகளுக்கு 90 நாள், எழுத்தில் காரணமும் வேணும். ஆனால் பாரதூரமான குற்றச் சந்தேகம் வந்தால் இது ஒன்றும் பொருந்தாமல் போகலாம்.

அப்போது கோல் சென்டரில் சண்டை பிடித்துப் பிரயோசனம் இல்லை. உங்களைப் பற்றிச் சந்தேக அறிக்கை போயிருந்தால், விசாரணையைக் கெடுக்கிற மாதிரி அதை உங்களுக்குச் சொல்வதே 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். போனில் பேசுகிறவருக்குப் பெரும்பாலும் காரணமே தெரியாது.

மென்பொருள் உங்கட மனதைப் பார்ப்பதில்லை, காசு ஓடுகிற வடிவத்தைப் பார்க்கிறது. பலரிடமிருந்து ஒரே நேரத்தில் காசு வந்து, அடுத்த நாளே மொத்தமாக ஒருவருக்குப் போனால் அது சந்தேகப்படும். இப்ப அம்மாவின் சீட்டை நினைச்சுப் பாருங்கோ. இருபது பேர், மாத முதலாம் திகதி, கடைசியில் கழிவு போக ஒருவருக்கு. அச்சு அசல் அதே வடிவம்! சீட்டுக் கொப்பியை வடிவாக எழுதி வைக்கச் சொல்லுங்கோ. சம்பளம் வருகிற கணக்கில் சீட்டை ஓட்ட வேண்டாம்.

நண்பர் ஒருவர் "உன்ர கணக்கில கொஞ்சக் காசு போடுறன், எடுத்துத் தா, உனக்கும் தாறன்" என்றால் அது வேற கதை. சிஃபாஸ் பதிவில் உங்கட பெயர் ஏறினால் ஆறு வருசம் வரை நிற்கும். வீட்டுக் கடன் மட்டுமில்லை, போன் ஒப்பந்தமும் கஷ்டமாகும்.

சரி, மூடிட்டாங்கள். முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு. சரிவராவிட்டால் நிதி ஒம்புட்ஸ்மன், இலவசம். கூடவே, உங்களைப் பற்றி வைத்திருக்கிற தரவு முழுவதையும், உள் மின்னஞ்சல்கள், குறிப்புகள் உட்பட, தரச்சொல்லி ஒரு மின்னஞ்சல். அதுவும் இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் வர வேணும். 2023இல் நைஜல் ஃபராஜ் கூட்ஸ் வங்கியிடம் இப்படித்தான் கேட்டார். வந்த ஆவணங்களில் அவருடைய அரசியல் கருத்துகளும் பேசப்பட்டிருந்தன. தாய் நிறுவனமான நாட்வெஸ்டின் தலைவி அலிசன் ரோஸ் அந்த ஜூலையிலேயே பதவி விலகினார். அவரின் அரசியல் எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்த மின்னஞ்சல் நல்ல மின்னஞ்சல். சந்தேக அறிக்கை இருந்தால் அந்தப் பகுதியை மறைத்துத்தான் அனுப்புவாங்கள், மிச்சம் வரும்.