இறங்கச் சொல்லும் வேலை

அன்புள்ள தாயி,

கடிதம் கிடைத்தது. உடற்கல்விப் பட்டம் முடித்த கையோடு சைக்கிள் பயிற்சியாளராகப் போகிறேன் என்று நீ சொன்னதற்கு, "சைக்கிள் ஓட்டச் சொல்லிக்குடுக்க ஒரு படிப்பா?" என்று வீட்டில் சிரித்தார்களாமே. சிரித்துவிட்டுப் போகட்டும். குரங்கு பெடல் போட்டு, முட்டியைப் பெயர்த்து, யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்ட தலைமுறை அது.

உன் ஊர் பொட்டிப்புரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். நியூட்ரினோ என்ற துகளை ஆராயும் ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துகளுக்கு மலை ஒரு பொருட்டே இல்லை, உரசாமல் ஊடுருவிப் போய்விடும் என்கிறார்கள். உனக்கும் எனக்கும் அப்படி இல்லை. மலை, காற்று, வெயில், லாரி எல்லாம் நம்மை உரசும். இந்த உரசலைக் கணக்குப் போடத்தான் படிப்பு.

முதலில் படிப்பு விஷயம். பாட்டியாலாவில் இருக்கும் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961-ல் தொடங்கியது. நம் நாட்டில் 'என்.ஐ.எஸ். முடித்தவர்' என்றால் பயிற்சியாளர் என்று பொருள். சைக்கிளுக்கு அங்கே டிப்ளமோ உண்டு. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு வேறு. ஆறு வாரத்தை முடித்துவிட்டு டிப்ளமோக்காரர் போலப் பலகை மாட்டிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நீ அப்படிச் செய்யாதே. உலக சைக்கிள் சங்கத்தின் பயிற்சி மையம் சுவிட்சர்லாந்தில் ஏகிள் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கேயும் பயிற்சியாளர்களுக்குப் படிப்பு நடக்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து வந்த ஈசோ ஆல்பென் 2018-ல் ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வாங்கியது அதே ஏகிளில்தான். அடுத்த வருடம் ஜெர்மனியில் அவரும் நம் பையன்களும் சேர்ந்து குழு ஸ்பிரிண்டில் தங்கமே வாங்கினார்கள். தீவிலிருந்து வந்தவருக்கு அது வாய்த்தது. எனவே 'நம்ம ஊர்ல என்ன இருக்கு' என்று மட்டும் எனக்கு எழுதாதே.

வகுப்பில் உடற்கூறு, உடலியங்கியல், பயிற்சிக் கோட்பாடு எல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், நம் ஊர்ப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வாய் என்று எழுதிக்கொள். லாக்டேட் எல்லை, அதாவது வெகுநேரம் தாங்கக்கூடிய வேகத்தின் உச்சவரம்பு, என்று அவர்கள் சொல்வதை அளக்க ரத்தம் எடுக்க வேண்டும், கருவி வேண்டும். உன்னிடம் கருவி இருக்காது. ஆனால் ஓட்டுகிற பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்கலாம். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் லேசான ஓட்டம். இரண்டு மூன்று சொல்லோடு மூச்சு வாங்கினால் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். தலையை மட்டும் ஆட்டினால் எல்லையைத் தாண்டிவிட்டாள். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் முழு வாக்கியம் பேசுகிற வேகத்திலேயே ஓட வேண்டும். இதைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், பெற்றவர்கள் அவர்களைவிட நம்ப மாட்டார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்தால்தான் பயிற்சி என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது ஊர் மந்தையில் சைக்கிள் வித்தைக்காரர் வருவார். டியூப் லைட் கட்டி, மைக்கில் பாட்டுப் போட்டு, ஏழு நாள் எட்டு நாள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். கால் தரையில் படக் கூடாது. குளிப்பது, சாப்பிடுவது, சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. கடைசி நாளில் ஊரே ரூபாய் நோட்டை அவர் சட்டையில் குத்தும். எங்களுக்கு அவர்தான் சைக்கிள் வீரர். இறங்காதவன் வீரன் என்று அன்றே மனதில் பதிந்துவிட்டது. அவர் வயிற்றுப்பாட்டுக்காக இறங்காமல் இருந்தார் என்பது வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது.

நான் ஆசிரியராக வந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பையன். நல்ல கால். மூன்று வாரமாக முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்றான். "வலி பழகிரும்டா" என்றேன். சீட்டு தணிந்து கிடந்தது. பெடல் அடியில் இருக்கும்போதும் அவன் முழங்கால் நன்றாக மடங்கியே இருந்தது. நான் தினமும் பார்த்தேன், கவனிக்கவில்லை. அந்த வருடம் அவன் ஜெயித்தான். அதற்குப் பிறகு சைக்கிள் பக்கம் வரவில்லை. இப்போது ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறான். எங்கே பார்த்தாலும் "சார்" என்று இறங்கி வந்து வணக்கம் சொல்வான். இறங்கும்போது இடது காலைத்தான் முதலில் ஊன்றுவான்.

அதனால் உன்னிடம் சொல்ல எனக்கு இருப்பது ஒன்றுதான். ஏறு என்று யாரும் சொல்லலாம். சம்பளம் வாங்குகிற பயிற்சியாளருக்கு 'இறங்கு' என்று சொல்லத் தெரிய வேண்டும், சொன்னால் பிள்ளை இறங்கவும் வேண்டும்.

எப்போது சொல்வது? ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார். பள்ளியில் தராசு இல்லையென்றால் உரக்கடையில் இருக்கும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. சித்திரை வெயிலில் எடை இப்படி இறங்கிக்கொண்டே போனால் அன்றைக்கு அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் நாடியை எண்ணச் சொல். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் ஓய்வு கொடு. பெண் பிள்ளை ஏற்றத்தில் திடீரென்று பின்தங்கினால் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஹீமோகுளோபின் பார். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இரும்புச் சத்து இல்லாத ரத்தத்தை வைத்துக்கொண்டு எந்த அட்டவணையும் ஓடாது.

காற்றைப் பற்றி நீ பாட்டியாலாவுக்கே பாடம் எடுக்கலாம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதைத் தள்ள வேண்டிய திறன் எட்டு மடங்கு. சமதளத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றுக்கே போகிறது. முன்னால் ஓடுபவனின் சக்கரத்தை ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு போல மிச்சம். புத்தகம் இதுவரை சொல்லும். ஆனால் தேவாரம்–போடி சாலையில் ஆடி மாதம் காற்று மேற்கேயிருந்து, மலை இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் அடிக்கும். அப்போது மறைவு நேர் பின்னால் கிடைக்காது, சாய்வாக ஒதுங்கினால்தான் கிடைக்கும். போடியைப் பார்த்து ஓடும்போது இடது ஓரம் மேற்குப் பக்கம். ஆகவே மறைவு விழுவது சாலையின் நடுவில். அங்கே தேங்காய் லாரி வரும். வெளிநாட்டுப் பந்தயத்தில் சாலையை அடைத்துவிட்டு விசிறி போல விரிந்து ஓடுவார்கள். நமக்குச் சாலையை யார் அடைத்துத் தருவது? மறைவை விட்டுவிடு. காற்று முழுக்க உடம்பில் அடிக்கட்டும், வேகம் குறையட்டும்.

போடிமெட்டு மலை ஏற்றத்துக்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். அடிவாரத்து முந்தலிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு. போடியிலிருந்து மேலே போக ஆயிரம் மீட்டர் போல உயர வேண்டும். ஏற்றுவது பிரச்சினை இல்லை, மெதுவாகவாவது ஏறிவிடுவார்கள். இறக்கத்தில்தான் பிள்ளை கையைவிட்டுப் போகிறது. வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிக்காதே, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடு. வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்க வேண்டும். கண் முன்சக்கரத்தில் இல்லாமல் வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். பள்ளியில் கொடுக்கும் விலையில்லா சைக்கிளில் மெட்டிலிருந்து யாரையும் இறக்காதே. ஈரத்தில் அந்த பிரேக்கை நம்ப முடியாது. லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவா. விடிகாலையில் போகவே போகாதே, அது தோட்ட ஜீப்புகளின் நேரம். ஆட்களை இறக்கும் அவசரத்தில் வருகிறவர்களை நாம் குறை சொல்லவும் முடியாது.

இன்னொன்று, பெண்ணாக இருப்பதால் உன்னிடம் கூடுதலாகச் சொல்கிறேன். 2022-ல் ஸ்லோவேனியா முகாமில் நம் நாட்டு வீராங்கனை ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் மீது புகார் கொடுத்தார். அந்தப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் ரத்தானது, அணி திரும்பி வந்தது. பெண்கள் போகும் அணியோடு பெண் பயிற்சியாளரும் போக வேண்டும் என்று பிறகு உத்தரவு வந்தது. உத்தரவு இருக்கிறது, சைக்கிளில் அந்த இடத்தை நிரப்பப் பெண் பயிற்சியாளர்கள் எத்தனை பேர்? உன் வீட்டில் மறுபடி சிரித்தால் இதை எடுத்துச் சொல். நீ பயிற்சியாளரான பிறகும் பிள்ளையோடு தனியறையில் பேசாதே, கதவைத் திறந்து வை. பெற்றவர்களுக்குத் தெரியாமல் எந்தப் பயணமும் வேண்டாம்.

செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாளுக்கு மாவட்டந்தோறும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறதே, அதற்குப் போ. கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான் அனுமதி. லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் வைத்திருப்பவனும் கூலிக்காரர் மகனும் ஒரே இரும்பை மிதிக்கிற போட்டி, எனக்கு அதனாலேயே பிடிக்கும். முடிவுக் கோட்டில் கூட்டத்தோடு நிற்காதே. பாதி தூரம் தாண்டி ஓர் இடத்தில் நின்று, வருகிற ஒவ்வொரு பிள்ளையின் முழங்காலையும் பார். பெடல் அடியில் இருக்கும்போது லேசான மடிப்பு இருந்தால் சரி. நிறைய மடங்கினால் சீட்டு தணிவு. இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் உயரம். யார் யார் என்று நோட்டில் குறித்து வை.

பாட்டியாலாவுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை வீட்டுப் பக்கம் வா. எங்கள் தெருவில் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் ஆறு பேருக்கு சைக்கிள் வந்திருக்கிறது. ஆறு பேரும் ஆறு உயரம், சீட்டு மட்டும் ஒரே உயரத்தில் இருக்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடிக்குப் போகும்போது கால் நேராக நீளும் அளவுக்கு வைத்தால் போதும், பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது மடிப்பு தானாக வந்துவிடும். ஸ்பேனர் என்னிடம் இருந்தது, யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. வரும்போது ஒன்று எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பி.டி. சார்
போடி