வலிக்கு ஒரு நாள்கணக்கு

அன்புள்ள கயல்,

மாதாமாதம் இரண்டு நாள் வகுப்புக்குப் போக முடியவில்லை, மாத்திரை போட்டும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்றாளாமே அம்மாச்சி! அவள் கொடுக்கும் வெந்தயமும் மோரும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆளைப் படுக்கையில் தள்ளுகிற வலியைச் சாதாரணம் என்று விட முடியாது.

சாதாரண வலி என்றால் தீட்டுப்படும் சமயத்தில் தொடங்கி, மாத்திரைக்கோ வெந்நீர்ப் பைக்கோ ஓரிரு நாளில் அடங்கிவிடும். எண்டோமெட்ரியோசிஸ் அப்படி அடங்காது. கருப்பையின் உட்படலம் போன்ற திசு சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை என்று வெளியே படிந்து, மாதச் சுழற்சியின் ஹார்மோன்களுக்கு ஏற்ப அங்கேயே வீங்கிப் புண்ணாகும். நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

விலக்குக்குச் சில நாள் முன்பே அடிவயிறும் இடுப்பும் வலிக்கிறதா? முடிந்த பிறகும் விடவில்லையா? வயிறு உப்பி, சுடிதார் நாடா இறுக்குகிறதா? அந்த நாட்களில் மட்டும் மலம் கழிக்கும்போதோ சிறுநீர் போகும்போதோ உயிர் போகிறதா? இந்தக் கடைசி ஒன்றைத்தான் நம் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேஸ் என்று நினைத்து ஜெலுசில் குடிப்பார்கள். சிலருக்கு உடலுறவில் வலி. சிலருக்கோ குழந்தை தள்ளிப்போய்ப் பரிசோதனைக்குப் போகும்போதுதான் விஷயமே தெரிய வரும்.

இன்றிலிருந்து காலண்டரில் குறித்து வை: வலி தொடங்கிய தேதி, எந்த இடம், பத்துக்கு எத்தனை, மாத்திரை கேட்டதா, வகுப்பு போனதா. டாக்டரிடம் "வயிற்று வலி" என்று மட்டும் சொன்னால் அல்சர் மாத்திரையோடு திரும்புவாய். தேதிகளைக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும். ஆனால் குறித்து முடியட்டும் என்று காத்திராதே, இந்த மாதமே மகப்பேறு மருத்துவரைப் பார். காய்ச்சலோ மயக்கமோ சேர்ந்து திடீரென்று வலித்தால் அன்றைக்கே ஓடு.

ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் விட்டுவிடாதே. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி, 'சாக்லேட் சிஸ்ட்' என்பார்கள், இருந்தால் தெரியும். மெல்லிய படிவுகள் பெரும்பாலும் தெரியாது. படிவு சிறிதாக இருந்தும் வலி பெரிதாக இருக்கலாம். வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்வதும் உண்டு. அதற்குக் காத்திராமல் மருந்து தொடங்குவதும் உண்டு.

அந்த மருந்து கருத்தடை மாத்திரையாகவே இருக்கலாம். சுழற்சியை அடக்கி வலியைக் குறைக்கத்தான் அது. மருந்துக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி