பீன்யாவில் தமிழ்வழிக் கல்வி கிடைக்குமா?

கேள்வி: பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டைத் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்வழித் தொடக்கக் கல்வி கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி செய்துதர மாநில அரசும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்கிறது, 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு. அதற்கு முன்பே, 1949இல், மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவுகோல் வகுத்தது: அம்மொழி பேசும் பிள்ளைகள் பள்ளியில் 40 பேர் அல்லது வகுப்பில் 10 பேர் இருந்தால், தாய்மொழியில் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

‘முயல வேண்டும்’ என்பதுதான் பலவீனம்.

வேல்ஸ் நாட்டில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும் வெல்ஷ் மொழிக் கல்விக்குத் திட்டம் தீட்டி, அரசின் ஒப்புதல் பெற்றாக வேண்டும். இங்கும் அந்தக் கட்டாயம் வரவேண்டும். கன்னடத்தையும் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், இரண்டுக்கும் பகையில்லை.

பெற்றோர் ஒன்றுசேர்ந்து, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள்.