அளவிட்ட அன்றாட உணவும் உடற்பருமன் குறைதலும்

கறவைப் பசுவுக்குத் தீவனம் இடும் குடியானவர் எவரும் கைக்கு வந்த அளவில் அள்ளி வைப்பதில்லை. உடலைப் பேணுவதற்கு இவ்வளவு என்றும், அதற்கு மேல் கறக்கும் பாலில் ஒவ்வொரு 2½ முதல் 3 லிட்டருக்கும் சுமார் 1 கிலோ அடர்தீவனம் என்றும் கணக்கிட்டே இடுகின்றனர். பால் வற்றிச் சினையுமின்றி நிற்கும் மாட்டுக்கு அளவைக் குறைப்பர். உழவுக் காலத்தில் எருதுகளுக்குக் கூட்டுவர். தீவனத்தைத் திடீரென மாற்றினால் மாட்டுக்குச் செரியாமை உண்டாகும் என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆயினும் இக்கணக்கு தொழுவத்தோடு நின்றுவிடுகின்றது. தம் சொந்த ஆகாரத்தை அளந்து உண்போர் மிகச் சிலரே. நிலமுடையோரிடையே பெருகிவரும் உடற்பருமனுக்கு இது ஒரு முக்கியமான காரணமாகும்.

உழைப்புக் குறைந்தது, உணவு குறையவில்லை

உணவினால் உடலுக்குக் கிடைக்கும் சக்தியைக் கலோரி என்னும் அலகால் அளப்பர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த கணக்கின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண்மகன் கடின உழைப்பு உழைத்தால் அவனுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை. அவனே உட்கார்ந்து செய்யும் வேலையை மேற்கொண்டால் 2,110 கலோரி போதும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவ்வளவுகள் முறையே 2,720, 1,660 ஆகும்.

ஆணின் கணக்கில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1,360 கலோரி. இதனை அரிசியாக மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 390 கிராம் வரும். ஏர் பிடித்தும் கவலை இறைத்தும் வாழ்ந்த பாட்டனார் உண்ட சோற்றை, டிராக்டரும் பம்பு செட்டும் வைத்துக்கொண்டு மோட்டார் வண்டியில் வயலைச் சுற்றி வரும் பேரரும் உண்பாராயின், நாள்தோறும் இவ்வளவு அரிசியின் சக்தி செலவாகாமல் எஞ்சுகின்றது. அது கொழுப்பாக மாறி இடுப்பைச் சுற்றியும் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்தும் படிகின்றது.

இதன் விளைவு நாட்டுக் கணக்குகளில் தெளிவாகக் காணப்படுகின்றது. 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் மிகை எடை உள்ளவர்களாகக் காணப்பட்டனர். 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இம்மாநிலத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு நோயாளர் என்று கணக்கிட்டது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் உடற்பருமனைத் தொடர்ந்து வருவன. குடும்பத் தலைவர் நோயுறின் சாகுபடி தடைப்படும். வைத்தியச் செலவுக்காக நிலத்தை ஈடு வைக்கவும் நேரும். ஆதலின் இஃது அழகைப் பற்றிய விஷயமன்று. பண்ணையின் நிலைமையையே பாதிப்பதாகும்.

பல சுவைகள் பசியை நீட்டிக்கும்

எடையைக் குறைக்கப் பல வழிகள் கூறப்படினும், நாள்தோறும் ஒரே வகையான உணவை ஒரே அளவில் உண்பது எளிதாகக் கைக்கொள்ளத்தக்க முறையாகும். இதற்குத் தக்க காரணம் உண்டு.

கலியாண விருந்தில் சோறு போதும் என்று இலையை மூட முனைந்தவர், பாயசம் வந்தவுடன் கையை நீட்டுவதை யாவரும் கண்டிருப்பர். வயிறு நிறைந்தபின்னும் புதிய சுவையொன்று வந்தால் நாவுக்கு மீண்டும் விருப்பம் பிறக்கின்றது. ஒரே பண்டத்தை உண்டுகொண்டிருக்கையில் அதன் மேலுள்ள விருப்பம் படிப்படியாகத் தணிகின்றது. வேறு பண்டத்தின் மேலுள்ள விருப்பமோ அவ்வளவாகத் தணிவதில்லை. 1981-இல் வெளியான ஓர் ஆங்கில நாட்டு ஆய்வில், உள்ளீடு வெவ்வேறான நான்கு வகை ரொட்டித் துண்டுகளைப் பெற்றவர்கள், ஒரே வகையைப் பெற்றபோது உண்டதைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உண்டனர். அமெரிக்காவில் 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே பண்டத்தை வாரம் ஒரு முறை பெற்ற பெண்களைவிட, நாள்தோறும் பெற்ற பெண்கள் விரைவில் அதில் விருப்பம் தணிந்து, குறைவாக உண்டனர்.

இரண்டாவது காரணம் பழக்கம். இன்று என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்று வேளைதோறும் தீர்மானிக்க வேண்டியவருக்குப் பசியும் ஆசையுமே தீர்ப்புக் கூறுகின்றன. முன்னரே வரையறுத்த உணவு உடையவருக்கு அத்தொல்லை இல்லை. அளவு மாறாதிருப்பதால், எடை குறையாதபோது எதைக் குறைக்க வேண்டும் என்பதும் எளிதில் விளங்கும். ஆயினும் ஒரே உணவு என்பது தானே கொழுப்பைக் கரைக்கும் மருந்தன்று. அளவு மிகுந்த உணவை நாள்தோறும் மாறாமல் உண்டால் எடையும் மாறாமல் ஏறிக்கொண்டே போகும்.

ஒரே உணவு என்பது ஒற்றை உணவன்று

இம்முறையில் ஒரு பெரும் அபாயமும் உண்டு. குறையுள்ள உணவையே நாள்தோறும் உண்டால் அக்குறையும் நாள்தோறும் வளரும். 1890-ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணம் விளங்க இது வழி செய்தது. 1929-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய இராபர்ட் மக்காரிசன் என்பவர், இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளை எலிகளுக்கு இட்டு ஒப்பிட்டார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த வடநாட்டு உணவால் எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே மிகுந்த சென்னை மாகாணத்து உணவால் அவை மெலிந்தன.

ஆகையால் மாறாதிருக்க வேண்டியவை வேளைகளும், தானியம், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் அளவுகளுமே. கீரையும் காயும் பழமும் பருவத்துக்கேற்பவும் கிழமைக்கேற்பவும் மாறுதல் வேண்டும். இன்று முருங்கைக்கீரையாயின் நாளை அரைக்கீரை. ஒரு நாள் அவரை, மறுநாள் புடலை. இவற்றை மாற்றுவதால் சத்துகள் கூடும். கலோரி அதிகம் கூடாது.

ஒரு மாதிரித் திட்டம்

இலேசான வேலை செய்யும், எடை மிகுந்த ஆண்மகன் ஒருவருக்குக் கீழ்க்கண்ட திட்டம் பொருந்தும். எடைகள் சமைப்பதற்கு முன்னுள்ளவை.

காலை: கேழ்வரகு மாவு 50 கிராமில் காய்ச்சிய கூழ், நீர்மோர் ஒரு தம்ளர், சிறு வெங்காயம், பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலை 30 கிராமில் செய்த சுண்டல்.

நண்பகல்: புழுங்கல் அரிசி 100 கிராம் வடித்த சோறு, பருப்பு 30 கிராம் இட்ட சாம்பார், கீரையும் காயும் 200 கிராம், தயிர் 100 கிராம், எண்ணெய் 10 கிராம்.

மாலை: சர்க்கரையில்லாத் தேநீர், கொய்யாப்பழம் ஒன்று, வறுத்த நிலக்கடலை 20 கிராம்.

இரவு: சாமை அல்லது தினை அல்லது கோதுமை ரவை 60 கிராம், பருப்பு 25 கிராம், காய்கறி 150 கிராம், எண்ணெய் 7 கிராம்.

இவை அனைத்தும் சேர்ந்து சுமார் 1,600 கலோரி தரும். மேற்கூறிய 2,110 கலோரியோடு ஒப்பிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைகின்றது. உடற்கொழுப்பு 1 கிலோவில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருத்தலால், தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இறங்கும். உடல் இலேசாக ஆக இவ்வேகம் தணிவது இயல்பு. அதற்காக மனம் தளர்தல் கூடாது. பெண்களுக்கு அரிசியில் 25 கிராமும் இரவுத் தானியத்தில் 20 கிராமும் குறைத்தால் சுமார் 1,400 கலோரி ஆகும். புலால் உண்போர் ஒரு வேளைப் பருப்புக்கு ஈடாக முட்டையோ குழம்பு மீனோ கொள்ளலாம், பொரித்தல் ஆகாது.

வீட்டில் நடைமுறை

இதற்காகத் தனி உலை வைக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே சமையல். அளவு மட்டும் பரிமாறுகையில் வேறுபடும். ஒரு முறை அரிசியையும் மாவையும் தராசில் நிறுத்து, ஒரு தம்ளரில் அவ்வளவுக்குக் கோடிட்டு வைத்துக்கொண்டால் நாள்தோறும் நிறுக்கும் வேலை இல்லை. எண்ணெயைத் தூக்கிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடல் வேண்டும். 1 கிராம் எண்ணெயில் 9 கலோரி உண்டு. மிஞ்சியதை வீணாக்கலாகாது என்று கடைசியில் உண்ணும் பெண்மணிகள் தாமறியாமலே பருமனடைகின்றனர். ஆதலின் உலையிலிடும் அரிசியை அளந்திடுதலே உசிதம்.

பொங்கலும் கலியாணமும் வரும் நாளில் விருந்தை மறுக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையிலேயே திட்டத்துக்குத் திரும்புதல் போதும். நாற்று நடவிலும் அறுவடையிலும் தாமே இறங்கி உழைப்போர் அந்நாட்களில் தானியத்தின் அளவை உழைப்புக்குத் தக்கவாறு கூட்டிக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை கொள்வோர் வைத்தியரைக் கேளாமல் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். சிறுநீரக நோயாளருக்குப் பருப்பின் அளவை வைத்தியரே வகுத்தல் வேண்டும். கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், மெலிந்த உடலினர் ஆகியோருக்கு இத்திட்டம் ஆகாது. சிறப்பாகப் பண்ணையில் கூலிக்கு உழைப்போருக்கு இதைக் காட்டி ஆகாரத்தைக் குறைப்பது பெருந்தவறாகும். அவர்களது தேவை வேறு.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கது

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் ஊராட்சி அலுவலகத்தில் ஆள் நிறுக்கும் தராசு ஒன்றும் அளவு நாடா ஒன்றும் வைக்க ஏற்பாடு செய்யலாம். இந்நாட்டு மக்களில் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டினால் அபாய எல்லை என்று கொள்ளல் வேண்டும். அவ்வாறு கண்டோரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சோதிக்கச் செய்வது அலுவலர்கள் ஊருக்குச் செய்யும் நற்பணியாகும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. உழைப்புக்குத் தக்க அளவே ஆகாரம் வேண்டும்.
2. தானியம், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் அளவு மாறலாகாது. கீரை, காய், பழம் மாறுதல் வேண்டும்.
3. வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் உண்பதற்கு முன் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும்.
4. நான்கு வாரம் கடந்தும் எடை இறங்காவிடில், முதலில் எண்ணெயையும் இடையிடையே உண்ணும் பண்டங்களையும், பின்னரே அரிசியையும் குறைத்தல் வேண்டும்.
5. மருந்து உண்போர் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.