நோயுற்ற ஆமைக் குஞ்சும் இல்லறத்தார் விரதமும்

தீர்த்தங்கரர்களின் இலாஞ்சனங்களைப் பாடசாலைச் சிறுவர்களிடம் வினவினால், விருஷபமும் சிம்மமும் உடனே விடையாக வரும். இருபதாம் தீர்த்தங்கரர் முனிசுவிரத பகவானுக்குரிய ஆமை சற்றுத் தயங்கியே வரும். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை என்று நம் விரதங்களின் பெயரிலெல்லாம் ஓர் ஆமை ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்லிச் சிரிக்க வைத்ததுண்டு. இப்பாடம் அந்த ஆமையைப் பற்றியதே. உயிருள்ள ஆமை, அதிலும் பிணியுற்ற குஞ்சு.

நம் பக்கத்து வீடுகளில் மறைவாக வளர்க்கப்படுவது பெரும்பாலும் நட்சத்திர ஆமை. கரிய ஓட்டின்மேல் மஞ்சள் நிறக் கதிர்கள் விண்மீன்போல் விரிந்திருக்கும். இது நீரில் வாழ்வதன்று. தமிழகம், ஆந்திரம், குஜராத், இராஜஸ்தான், இலங்கை ஆகிய இடங்களின் வறண்ட புதர்க்காட்டில் புல் மேயும் தரையாமை. "ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படா" என்று நம் பாட்டிமார் அஞ்சினர். பேரர்களோ அதிர்ஷ்டம் வரும் என்று விலை கொடுத்து வாங்குகின்றனர். இரண்டு நம்பிக்கைகளுக்கும் ஆமை பொறுப்பன்று. துன்பம் மட்டும் அதனுடையது.

விக்கிரவாண்டியில் எங்கள் தெருச் சிறுவன் ஒருவன் ஐப்பசி மழைநாளில் அத்தகைய குஞ்சொன்றை என்னிடம் கொண்டுவந்தான். உள்ளங்கையில் பாதிகூட இல்லை. இமைகள் வீங்கி மூடியிருந்தன, மூக்கில் நீர்க்குமிழி, ஓட்டை இலேசாகத் தொட்டால் நகம்போல் வளைந்தது. அவ்வீட்டார் அதற்குக் குறையொன்றும் வைக்கவில்லை. பால்சோறு, ரொட்டித்துண்டு, வெள்ளரிக்காய் எல்லாம் கொடுத்து, கண்ணாடித் தொட்டியில் நிழலிலேயே வைத்திருந்தனர். அந்த அன்பே நோய்க்குக் காரணமாயிற்று. ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்தும் வெயிலின் புறஊதாக் கதிரும் வேண்டும். அக்கதிர் கண்ணாடியை ஊடுருவுவதில்லை. உயிர்ச்சத்து 'ஏ' குறைந்தால் இமை வீங்கும். குளிரில் நெஞ்சுச்சளி பிடித்தால் நம்மைப்போல் இருமி வெளியேற்ற ஆமையால் இயலாது. அதன் உடலில் நமக்குள்ளதுபோன்ற உதரவிதானத் தசை இல்லை. ஆகையால் மூக்கொழுகல் சிறிய நோயன்று. வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சுவிட்டால் அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

அதுவரை செய்யத்தக்கவை சிலவே. முதலாவது வெப்பம். ஆமையின் உடற்சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிர்ந்தால் செரிமானமும் நோய் எதிர்ப்பும் ஒருங்கே தளரும். அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் விரித்து, ஒரு மூலையில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை வைத்து, அப்பக்கம் ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ் இருக்குமாறு பார்த்துக்கொள்க. மறுமூலை குளிர்ந்திருக்கட்டும், சூடு மிகுந்தால் குஞ்சு தானே விலகும். அடுத்தது நீர். வடிகட்டிய வெதுவெதுப்பான நீரைத் தட்டையான தட்டில், தலையைத் தூக்காமலே மூச்சுவிடத்தக்க ஆழத்துக்கு ஊற்றி, நாள்தோறும் கால் மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருந்து துடைத்து எடுக்கலாம். ஆமைதானே என்று வாளி நீரில் விட்டால் தரையாமை மூழ்கி இறந்துவிடும். காலை இளவெயிலில் சிறிது நேரம், பக்கத்தில் நிழலும் இருக்குமாறு வைக்கலாம்.

அறுகம்புல், செம்பருத்தி இலை, முசுக்கட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவை ஏற்ற உணவு. பாலக்கீரையிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துவிடும். கடைகளில் அச்சத்துக்காகக் கணவாய் ஓடு தருவர். நாம் அதை நாடவேண்டியதில்லை, கால்சியம் கார்பனேட் தூளே போதும் (அளவை மருத்துவர் சொல்லட்டும்). உண்டது செரிக்கப் பகல் வெப்பம் வேண்டுமாதலால் மாலைக்குப்பின் உணவிடலாகாது. இரவுண்ணாமை இதற்கும் பொருந்துகிறது! உண்ண மறுத்தால் வாயைத் திறந்து திணிக்க வேண்டா. வீட்டிலுள்ள மருந்துகளைக் கொடுப்பது கொடிது. நாய்க்கும் மாட்டுக்கும் இடும் ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுக. ஆமையிடமிருந்து சால்மொனெல்லாக் கிருமி குழந்தைகளுக்குத் தொற்றக்கூடும்.

இனிக் கடினமான பகுதி. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நட்சத்திர ஆமையை வாங்குவதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். 2019இல் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் முதல் இணைப்பிலும் இது சேர்க்கப்பட்டது. இத்தகைய உயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறை அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 39ஆம் பிரிவு. இதற்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கின்றனர். மறைவிலேயே குஞ்சு இறக்கிறது. எங்கள் தெரு வீட்டாரும் இரண்டு நாள் தயங்கினர். நம் நூல்கள் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறுகின்றன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். முதலாவதாக நிற்பது பந்தம் என்பதைக் கவனியுங்கள். கண்ணாடித் தொட்டியும் கட்டே. ஒவ்வாத உணவையே இட்டு ஏற்றதை இடாதிருத்தல் ஐந்தாவதற்கு மிக அருகில் வருகிறது என்பது என் கருத்து. ஔஷத தானமும் அபய தானமும் இங்கே ஒரே செயலாகின்றன: மருந்துக்கு அழைத்துச் செல்லும் வழியே விடுதலைக்கும் வழி.

அச்சிறுவனின் தந்தையார் மூன்றாம் நாள் குஞ்சை விழுப்புரத்திற்குக் கொண்டுசென்று, அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டி, வனத்துறையினரிடம் ஒப்படைத்தார். சிறுவன் அழுதான், அழுததில் தவறில்லை.

இன்னும் ஒன்று. புண்ணியம் என்று கருதி இக்குஞ்சுகளைக் கோயில் குளத்திலோ அருகிலுள்ள குன்றிலோ தாமே விட்டுவிடுவோர் உளர். குளத்தில் அது மூழ்கும். குன்றில் தன் நோயைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பும். எங்கே, எப்போது விடுவது என்பதை வனத்துறையே முடிவு செய்யட்டும். ஒப்படைக்கும்போது என்ன உணவு, எத்தனை நாள், என்ன மருந்து கொடுத்தோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் மருத்துவருக்கு உதவியாயிருக்கும்.